நீர்மூழ்கிக் கப்பல் மாதிரிக்கு வண்ணம் பூசுதலும் பழமையூட்டலும்

உண்மையான நீர்மூழ்கிக் கப்பலைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்த மாதிரிக்கு, அது கடலில் பணியாற்றிய காலத்துத் தோற்றத்தைக் கொடுப்பதற்காகச் செய்யப்படும் மேற்பரப்பு வேலைகள் இங்கு விளக்கப்படுகின்றன. நிறம் பூசுவது முதல் பாதி. வெயில், உப்பு, துரு, பாசி, டீசல் புகை, மாலுமிகளின் காலடி ஆகியவை அந்த நிறத்தை என்ன செய்தன என்று காட்டுவது இரண்டாம் பாதி. இந்த இரண்டாம் பாதியை மாதிரி செய்வோர் 'வெதரிங்' என்பார்கள். இக்கட்டுரையில் அது பழமையூட்டல் எனப்படுகிறது.

எடுத்துக்காட்டாக இந்தியக் கடற்படையின் ஃபாக்ஸ்ட்ராட் வகைக் கப்பல்கள் கொள்ளப்பட்டுள்ளன. சோவியத் ஒன்றியத்தில் 641ஆம் திட்டம் என்ற பெயரில் உருவான இவ்வகையில் எட்டுக் கப்பல்களை இந்தியா பெற்றது. முதலாவதான ஐ.என்.எஸ். கல்வாரி 1967 டிசம்பர் 8 அன்று பணியில் சேர்ந்தது. அந்த நாளே இன்றும் நீர்மூழ்கிப் பிரிவின் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

== எந்தக் கப்பல், எந்த ஆண்டு ==

வண்ணக் குப்பியைத் திறப்பதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது இதுதான். ஒரே கப்பல் பணியில் சேர்ந்த அன்று ஒரு தோற்றத்திலும், மூன்று மாதக் கடற்பயணத்துக்குப் பின் வேறு தோற்றத்திலும், உலர்துறையில் ஏறி இறங்கிய பின் மீண்டும் புதிதாகவும் இருக்கும். 'பொதுவாகப் பழைய கப்பல்' என்று ஒன்று கிடையாது.

தமிழ்நாட்டு மாணவர்கள் நேரில் சென்று பார்க்கக்கூடிய நீர்மூழ்கி, விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிறுத்தப்பட்டுள்ள ஐ.என்.எஸ். குர்சுரா. 1969 டிசம்பர் 18 அன்று பணியில் சேர்ந்து, 1971 போரின்போது ரோந்துப் பணியில் இருந்து, 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வு பெற்ற கப்பல் அது. 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கப்பலின் வடிவத்தையும் நீளத்தையும், பக்கவாட்டுத் துளைகள் எப்படி வரிசையாக அமைந்திருக்கின்றன என்பதையும் அறிய அதைவிட நல்ல இடம் இல்லை. நிறத்துக்கு மட்டும் அதை அப்படியே நம்பக் கூடாது. கடற்காற்றின் அரிப்பிலிருந்து காக்க அதற்குத் திரும்பத் திரும்பப் பூச்சு அடிக்கப்படுகிறது. கண்முன் நிற்பது அருங்காட்சியகக் கால நிறம். மேலும் அது தரையில் நிற்பதால், மிதக்கும் கப்பலில் நீர்மட்டத்தை ஒட்டி உண்டாகும் பாசிக்கோடும் உப்புக்கோடும் அதில் இருக்க வழியில்லை. பணிக்காலத் தோற்றத்துக்குப் பழைய ஒளிப்படங்களைத்தான் நாட வேண்டும். ஒளிப்படம் எடுத்த ஆண்டைக் குறித்துக்கொள்வது நிறத்தைக் குறித்துக்கொள்வதைப் போலவே முக்கியம்.

தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு கப்பல் வந்திருக்க வேண்டியது. எட்டுக் கப்பல்களில் ஒன்றான ஐ.என்.எஸ். வாக்லி 1974இல் பணியில் சேர்ந்து 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கத் திட்டமிட்டார்கள், திட்டம் நிறைவேறவில்லை. முழுக் கப்பலாக நிலைக்காத இத்தகைய கப்பல்களுக்கு மாதிரிதான் முப்பரிமாண ஆவணம். அதில் தவறான இடத்தில் துரு தீட்டினால், அந்தத் தவறும் பார்ப்பவர் மனத்தில் வரலாறாகப் பதிந்துவிடும்.

== அளவு ==

ஃபாக்ஸ்ட்ராட் கப்பலின் நீளம் 91.3 மீட்டர், அகலம் 7.5 மீட்டர். 1:350 அளவில் மாதிரியின் நீளம் சுமார் 26 செ.மீ., 1:144 அளவில் சுமார் 63 செ.மீ.

இந்தக் கணக்கு நீளத்துக்கு மட்டும் உரியதன்று. கறைக்கும் அதே கணக்குத்தான். 1:350 அளவில் 1 மில்லிமீட்டர் என்பது நிஜக் கப்பலில் 35 செ.மீ. மெல்லிய தூரிகையால் அரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துருக்கோடு இழுத்தால், உண்மையில் அது 17 செ.மீ.க்கும் அதிகமான அகலமுள்ள துருப்பட்டை. பூச்சு உரிந்த இடமென்று தூரிகை நுனியால் வைக்கும் சிறு புள்ளி, நிஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. மேற்தளத்தில் நிற்கும் மாலுமியே இந்த அளவில் 5 மில்லிமீட்டர் உயரம்தான். போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் காணப்படும் மிகப் பொதுவான குறை, கறை இருப்பதன்று. கறை கப்பலைவிடப் பெரிய அளவில் இருப்பதே. எனவே சிறிய மாதிரிகளில் தனித்தனிக் கீறல்களை விட்டுவிட்டு, நிறத்தின் மெல்லிய ஏற்ற இறக்கமாக மட்டும் பழமையைக் காட்டுவது நல்லது. 1:72 போன்ற பெரிய மாதிரிகளில்தான் உரிந்த பூச்சைத் தனியாகக் காட்ட இடமுண்டு.

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்புகள் பெருநகரக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன, விலை அதிகம். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் உள்ள அனுமந்தன்பட்டி போன்ற ஊரில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் செய்யும் மாணவருக்கு எளிதில் கிடைப்பது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பி.வி.சி. குழாய். வேளாண் குழாய்கள் வெளிவிட்டத்தால் அளக்கப்படுபவை. 50 மி.மீ. குழாயை 7.5 மீட்டர் அகலத்துக்கு ஈடாகக் கொண்டால் அளவு 1:150 ஆகிறது. அப்போது முழு நீளம் 61 செ.மீ. முன்பகுதியையும் பின்பகுதியையும் இலேசான மரத்தில் செதுக்கிப் பொருத்தலாம். உண்மைக் கப்பல் உருண்டைக் குழாய் அன்று. மேலே நடப்பதற்குத் தட்டையான தளம் உண்டு. அதை அட்டையிலோ மெல்லிய பிளாஸ்டிக் தகட்டிலோ வைத்து எம்-சீல் கொண்டு இணைப்பை நிரப்ப வேண்டும். தெர்மகோலில் செதுக்குபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: ஸ்பிரே பெயின்ட்டில் உள்ள கரைப்பான் தெர்மகோலை உருக்கிவிடும். ஃபெவிகாலால் இரண்டு மூன்று அடுக்குக் காகிதம் ஒட்டிக் காய்ந்த பிறகே அதன்மேல் பெயின்ட் படலாம்.

== அடிப்பூச்சும் நிறமும் ==

பிளாஸ்டிக்கின் மேல் எண்ணெய்ப்பசை இருந்தால் எந்த வண்ணமும் நிற்காது. சோப்பு நீரில் கழுவி, காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். சாம்பல் நிறப் பிரைமர் சிறந்தது. இணைப்புக் குறைகளைக் காட்டிக்கொடுப்பதுதான் அதன் முதல் பயன்.

மேற்பகுதி கறுப்பு என்று படத்தில் தெரிந்தாலும் குப்பியில் உள்ள கறுப்பை அப்படியே பூசக் கூடாது. தொலைவில் உள்ள பொருளின் நிறம் இடையிலுள்ள காற்றால் வெளிறித் தெரியும். ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்க்கும் 1:150 மாதிரியை, நிஜக் கப்பலை ஏறக்குறைய 70 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதாகக் கொள்ள வேண்டும். கறுப்பில் சிறிது வெண்மையோ நீலச்சாம்பலோ கலந்தால் இந்த வெளிறல் கிடைக்கும். வேறொரு பயனும் உண்டு. முழுக் கறுப்பின் மேல் நிழலைக் காட்ட முடியாது. அதைவிடக் கறுப்பான நிறம் இல்லையே. கரும்சாம்பலில் தொடங்கினால் கறுப்பு நிழலுக்கு மிச்சமிருக்கும்.

நீர்மட்டத்துக்குக் கீழே பல கப்பல்களில் காணப்படும் செம்பழுப்பு நிறத்துக்குக் காரணம் அழகன்று. கொட்டலசும் பாசியும் உடலில் ஒட்டி வளர்ந்தால் கப்பல் வேகம் இழக்கும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். அதைத் தடுக்கப் பூசும் பூச்சில் நெடுங்காலமாகச் செம்பு ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. அதன் நிறமே சிவப்பு. செம்பு சிறிது சிறிதாக நீரில் கசிந்து, ஒட்ட வரும் உயிரிகளைக் கொல்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பதும் இதே வேலைதான்; அங்கே செம்பு கொல்வது பூஞ்சையை, இங்கே கொட்டலசை. செம்பு கசிந்து தீர்ந்துவிடும் என்பதால் உலர்துறையில் ஏற்றிப் பூச்சைப் புதுப்பிக்க வேண்டியுள்ளது. ஆகவே மாதிரியின் கீழ்ப்பகுதிக்கு அடர் சிவப்பைவிட, சிறிது பழுப்பும் வெண்மையும் கலந்த மங்கிய சிவப்பே பொருந்தும்.

இரண்டு நிறங்களும் சந்திக்கும் நீர்க்கோடு நேராக இல்லாவிட்டால் மற்ற வேலை எல்லாம் வீண். மாதிரியை மட்டமாகத் தாங்கியில் நிறுத்தி, வேண்டிய உயரத்துக்கு மரத்துண்டுகளை அடுக்கி, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்துக் கட்டி, மரத்துண்டை மாதிரியைச் சுற்றி நகர்த்தினால் ஒரே உயரத்தில் கோடு விழும். முதலில் சிவப்பைப் பூசி, காய்ந்தபின் அந்தக் கோட்டின் கீழே மாஸ்கிங் டேப் ஒட்டி, பிறகு மேல் நிறம் பூச வேண்டும். டேப்பின் விளிம்பில் ஒருமுறை சிவப்பையே மெல்லப் பூசிவிட்டால் கசிவு சிவப்பாகவே அடைபடும்; கறுப்பு உள்ளே போகாது.

மேற்கோபுரத்தின் எண்ணைத் தூரிகையால் எழுதுவதைவிட டெக்கால் எனப்படும் நீரொட்டுப் படலம் துல்லியமானது. குர்சுராவின் எண் எஸ் 20. மங்கலான பரப்பின் மேல் டெக்கால் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும். ஆகவே முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டெக்கால், மீண்டும் ஒரு வார்னிஷ்.

== பழமையூட்டல் ==

ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரியாமல் கறை தீட்டுவது, நோய் தெரியாமல் மருந்து கொடுப்பது போன்றது.

ஃபாக்ஸ்ட்ராட் இரட்டைக் கூடுடைய கப்பல். ஆட்கள் இருக்கும் உள் அழுத்தக் கூட்டைச் சுற்றி வெளிக்கூடு உள்ளது. மேற்தளத்துக்கு அடியிலுள்ள இடம் கடல்நீர் தாராளமாகப் புகுந்து வெளியேறும் வெற்றிடம். இதற்காகப் பக்கங்களில் வரிசையாக நீர்போக்குத் துளைகள் உள்ளன. கப்பல் மேலே வரும்போது உள்ளிருக்கும் நீர் அவற்றின் வழியே கொட்டுகிறது. அந்த நீர் உட்புறத் துருவையும் சேர்த்துக் கொண்டுவரும். எனவே துருக்கோடு தொடங்க வேண்டிய முதன்மையான இடம் ஒவ்வொரு துளையின் கீழ் விளிம்பு. நங்கூரம் இருக்கும் குழி, கயிறு கட்டும் கட்டைகளின் அடி, பற்றவைப்பு இணைப்புகள் ஆகியவை அடுத்த இடங்கள். நடுவில் வெறும் தட்டையான தகட்டில் காரணமின்றித் துரு தோன்றாது. எல்லாத் துளைகளிலும் ஒரே நீளத்தில் கோடு இழுப்பதும் பிழை. சில துளைகள் நிறைய அழும், சில அழவே அழாது.

கடலைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்க இடமுண்டு. முல்லைப்பெரியாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் மதகுகளில் இரும்பு ஷட்டர்களைக் கவனிக்கலாம். வழக்கமான நீர்மட்டத்தில் கரும்பச்சைப் பாசிப்பட்டை. அதற்கு மேலே நீர் ஏறி இறங்கும் பகுதியில் வெளிறிய வண்டல். போல்ட்டுகளுக்குக் கீழே மேலே அடர்ந்தும் கீழே கரைந்தும் செல்லும் துருவின் வால். இந்த வாலின் வடிவம்தான் பாடம். பல மாதிரிகளில் துருக்கோடு மேலும் கீழும் ஒரே தடிமனில், கோலமாவு இழுத்ததுபோல் இருக்கும். உண்மைத் துரு ஊற்றில் தொடங்கி வழியில் மெலிந்து, கடைசியில் எங்கே முடிந்தது என்றே தெரியாமல் மறையும். திராட்சைப் பந்தலின் கல்தூண்களில் வழிந்த நீலவெள்ளைக் கறையும் இதே இலக்கணத்தில்தான் இறங்கியிருக்கும்.

செய்முறையில் அடுக்கு வரிசை முக்கியம். அடிநிறத்துக்கு நீரில் கரையும் அக்ரிலிக். அதன்மேல் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு கவசம். அதன்மேல் கறைகளுக்கு எண்ணெய் வண்ணம். எண்ணெய் வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் காய்ந்த அக்ரிலிக்கை எளிதில் கரைக்காது. ஆகவே கறை பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மீண்டும் செய்யலாம். இந்தச் சுதந்திரமே முறையின் உயிர். வரிசையை மாற்றி, எனாமல் அடிநிறத்தின்மேல் டர்பன்டைன் கறை போட்டால் அடிநிறமே கிளம்பி வந்துவிடும்.

முதலில் 'வாஷ்'. கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டீத்தண்ணீர் போல நீர்க்க இளக்கி, துளைகளின் ஓரத்திலும் தகட்டு இணைப்புகளிலும் தூரிகை நுனியால் தொட்டால் நீர்மம் தானே பள்ளத்தில் ஓடி நிற்கும். கப்பல் முழுவதும் குளிப்பாட்டத் தேவையில்லை. பின்பு நிறமாற்றம்: வெளிர்சாம்பல், நீலம், பழுப்பு எனப் பல வண்ணங்களைச் சிறு சிறு புள்ளிகளாக வைத்து, டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்து ஏறக்குறைய அழித்துவிட வேண்டும். எஞ்சுவது வெயிலில் சீரற்று வெளுத்த தகட்டின் தோற்றம். மேற்தளம் நேர்வெயிலில் அதிகம் வெளுக்கும், பக்கங்கள் குறைவாக.

துருக்கோட்டையும் இதே முறையில் இழுக்கலாம். செம்பழுப்பில் ஒரு சிறு புள்ளி, பத்து நிமிடம் காத்திருப்பு, சுத்தமான ஈரத் தூரிகையால் கீழ்நோக்கி ஓரிரு இழுப்பு. புதிய துரு ஆரஞ்சுச் சாயல் கொண்டது, பழைய துரு அடர்பழுப்பு. இரண்டையும் கலந்து வைத்தால்தான் காலம் தெரியும். கடையில் கிடைக்கும் பிரகாசமான ஆரஞ்சை மட்டும் பூசினால் கப்பல் நேற்றுத்தான் துருப்பிடிக்கத் தொடங்கியது என்று பொருள்.

நீர்க்கோட்டை ஒட்டி மெல்லிய கரும்பச்சை, அதற்குச் சற்று மேலே உப்புக் காய்ந்த வெண்மை. உப்புத் தடத்துக்கு வண்ணப்பொடியை விரல்நுனியால் மிக இலேசாகத் தேய்த்தால் போதும். நீண்ட நாள் துறைமுகத்தில் கிடந்த கப்பலுக்குப் பச்சை கூடுதலாகவும், இடைவிடாது ஓடிய கப்பலுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். துறைமுகத்தில் மற்றக் கப்பலுடனோ மேடையுடனோ உரசிய இடத்தில், உடலின் மிக அகன்ற பகுதியில், கிடைமட்டத் தேய்மானம் இருக்கும். டீசல் புகை வெளியேறும் இடத்தில் மட்டும் கரி. மாலுமிகள் ஏறி இறங்கும் மூடிகளைச் சுற்றியும் மேற்கோபுரத்துக்குச் செல்லும் வழியிலும் காலடித் தேய்மானம். மூன்று சுழல்விசிறிகளும் செம்புக் கலப்பு உலோகத்தாலானவை. அவற்றில் இரும்புத் துரு தீட்டுவது வேதியியல் பிழை. மங்கிய பொன்பழுப்பும் சிறிது பச்சையும் போதும்.

எல்லாம் முடிந்து ஒரு மங்கல் வார்னிஷ் அடித்தால் வெவ்வேறு அடுக்குகளின் மினுமினுப்பு சமமாகும். வண்ணப்பொடியை இதற்குப் பிறகு வைப்பதே நல்லது. வார்னிஷ் பொடியின் வெண்மையை விழுங்கிவிடும்.

== ரப்பர் ஓடு வேய்ந்த கப்பல்கள் ==

1986 முதல் இந்தியா பெற்ற சிந்துகோஷ் வகைக் கப்பல்களுக்கு மேற்சொன்ன துரு முறையை அப்படியே பின்பற்றக் கூடாது. எதிரியின் சோனார் ஒலியை உறிஞ்சுவதற்காக அவற்றின் உடலில் ரப்பர் ஓடுகள் ஒட்டப்பட்டுள்ளன. ரப்பர் துருப்பிடிக்காது. அங்கே பழமை என்பது ஓடுகளுக்கிடையே தெரியும் நிறவேறுபாடு, விளிம்பு கிளம்பிய ஓடுகள், சில இடங்களில் ஓடு கழன்று தெரியும் நாற்கர வடு ஆகியவையே. ஒரே கறுப்பின் நான்கைந்து சாயல்களை ஆங்காங்கே ஓடுகளுக்குப் பூசுவது இதற்குப் பொருத்தமான முறை. துரு காட்ட வேண்டுமானால் ஓடு இல்லாத உலோகப் பகுதிகளில் மட்டும்.

== தட்பவெப்பமும் உடல்நலமும் ==

கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் திறந்தவெளியில் ஸ்பிரே அடித்தால் வண்ணத்தைவிடத் தூசியே அதிகம் ஒட்டும். காற்று எழுமுன் காலையில் அடித்து, உடனே ஒரு அட்டைப்பெட்டியால் மூடிவைக்கலாம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் சிக்கல் வேறு. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றிலுள்ள நீர் அதில் படிந்து வார்னிஷ் பால்போல் வெளுத்துவிடுகிறது. மழை நாளில் வார்னிஷ் வேண்டாம்.

மூடிய அறையில் தின்னரோ ஸ்பிரேயோ பயன்படுத்தக் கூடாது. துணி முகக்கவசம் தூசியை ஓரளவு தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. எனவே காற்றோட்டமே முதல் பாதுகாப்பு. பி.வி.சி.யை ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பாக்களைத் தவிர்க்க வேண்டும். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையவற்றில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். இரும்புக் கதவுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு இரும்பு ஆக்சைடால் ஆனது. ரெட் லெட் என்பது ஈயச் சேர்மம். இரண்டும் பார்வைக்கு நெருங்கியவை, பெயரும் நெருங்கியது. மாணவர்கள் கையில் இரண்டாவது வரக் கூடாது.

முடிந்த மாதிரியை நேர்வெயில் படாத கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். உண்மைத் தூசி எந்த அளவுக்கும் சுருங்காது. 1:150 கப்பலின்மேல் விழும் ஒரு தூசி இழை, கப்பல்மேல் கிடக்கும் வடம்போலத் தெரியும். பெட்டியின் அடிப்பலகையில் கப்பலின் பெயர், எண், அளவு விகிதம், எந்த ஆண்டின் தோற்றம், எந்த ஒளிப்படத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பவற்றை எழுதி ஒட்டுவது வழக்கம். ஊகித்துப் பூசிய பகுதி இருந்தால் அதையும் அங்கேயே குறிப்பிடலாம்.